மைக்கேல்மஸ், ஹிலரி, லென்ட்: இந்தப் பருவப் பெயர்கள் இன்னும் வேண்டுமா?

கடல்நாரை:
லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்ற பல்கலைக்கழகம் 2023-ல் மைக்கேல்மஸ், லென்ட் என்ற கல்விப் பருவப் பெயர்களைக் கைவிட்டு இலையுதிர்ப் பருவம், குளிர்காலப் பருவம் என்று மாற்றியது. எனக்கு முழுச் சம்மதம். ஜனவரியில் தொடங்கும் அதே பருவத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஹிலரி, கேம்பிரிட்ஜில் லென்ட், டர்ஹாமில் எபிஃபனி என்று பெயர்; எல்லாம் கிறிஸ்தவத் திருநாட்களையோ புனிதர்களையோ ஒட்டியவை. வெளிநாட்டிலிருந்து போகும் பிள்ளை என்ன செய்யும்?

பழஞ்சுவடி:
முதல் வாரம் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். மைக்கேல்மஸ் என்பது செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசின் திருநாள். இங்கிலாந்தில் வாடகையும் குத்தகையும் தீர்க்கும் நான்கு நாட்களில் அதுவும் ஒன்று. நீதிமன்றங்களுக்கும் இதே பருவப் பெயர்கள்தான்: இங்கிலாந்தின் இடைக்கால வழக்கேடுகளைப் புரட்டினால், இன்ன அரசரின் இத்தனையாம் ஆண்டு, ஹிலரி பருவம் என்றுதான் அடுக்கியிருப்பார்கள். 1873-ல் வந்த நீதித்துறைச் சட்டம் நீதிமன்றப் பருவங்களையே எடுத்துவிட்டு ‘அமர்வு’ என்று ஆக்கியது. அப்போதும் மைக்கேல்மஸ், ஹிலரி, ஈஸ்டர், டிரினிட்டி என்ற நான்கு பெயர்களும் போகவில்லை. அவ்வளவு ஆழமாக வேரோடியவை!

கடல்நாரை:
ஏடுகள் ஏடுகளாகவே இருக்கட்டும், அவற்றை யாரும் தொடவில்லை. ஆனால் 1871 வரை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிப் பதவிகளுக்கு, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்தானா என்று பார்க்கும் மதச் சோதனை இருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். சோதனை போய்விட்டது, திருச்சபை நாட்காட்டி மட்டும் எல்லார் தலையிலும் நிற்கிறது. மேலும் லண்டன் ஸ்கூல் தொடங்கியதே 1895-ல்தான். அதற்கு ஏது இடைக்கால மரபு?

தெற்குவாசல்:
நான் ஸ்காட்லாந்தில் கடை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் வாடகை நாட்கள் விட்சன்டே (பெந்தெகொஸ்தே), மார்ட்டின்மஸ் (புனித மார்ட்டின் திருநாள்) என்றுதான் இருக்கிறது. முதலில் பயந்துவிட்டேன். தேவாலயத்தில் விட்சன்டே ஈஸ்டரோடு சேர்ந்து ஆண்டுதோறும் நகரும், மார்ட்டின்மஸ் நவம்பர் 11. ஆனால் ஸ்காட்லாந்தின் 1990 சட்டப்படி விட்சன்டே மே 28, மார்ட்டின்மஸ் நவம்பர் 28. பெயரை வைத்துக்கொண்டு தேதியை உறுதியாக்கிவிட்டார்கள். குழப்பம் தீர இதுவும் ஒரு வழிதானே?

பழஞ்சுவடி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். குழப்பம் தேதியால் வருவது, பெயரால் அல்ல.

கடல்நாரை:
வாடகைக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றத்தையும் விட்டுவிடுகிறேன். ஆனால் லென்ட் என்பது நம் சபைகளில் சொல்லும் லெந்து காலம். அது பிப்ரவரிக்கு முன் வரவே வராது, பருவமோ ஜனவரியில் தொடங்குகிறது. நோன்பு இருப்பவருக்கே பொருந்தாத பெயரை மற்ற மாணவர்கள் எதற்குச் சுமக்க வேண்டும்?