மைட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (பூனைக்கு, அவசரம்)

தஞ்சாவூரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பூனை வளர்ப்பவர்களுக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தெள்ளு, உண்ணி, பேன் மூன்றுக்கும் வழக்குச் சொல் இருக்கிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்ன ஒட்டுண்ணியான மைட்டில்தான் (mite) மாட்டிக்கொண்டேன். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கைச் சேர்ப்பது ஒன்று. காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து என்று பொருக்குத் தட்ட வைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் பொதுவாக ‘சிற்றுண்ணி’ போடலாமா?

பட்டுக்கோட்டையிலிருந்து:
எதற்குப் புதுச்சொல்? தென்னையில் ஈரியோபைட் என்ற மைட் வந்து குரும்பையெல்லாம் சொறி பிடித்தபோது வேளாண் துறை ‘சிலந்தி’ என்றுதான் சொன்னது. தோப்பு வைத்திருக்கிற எவருக்கும் புரியும். பூனையின் மைட்டுக்கு எட்டுக் கால், சிலந்தி இனம், அறிவியலுக்கும் பொருந்தும். ‘காதுச் சிலந்தி’ என்று போடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:
ஐயா, தோப்புக்காரருக்குச் சரி. பூனைக் காதில் சிலந்தி என்று படித்தால் எங்கள் தெருவில் டார்ச் அடித்து வலை தேடுவார்கள். ‘சிற்றுண்ணி’யும் ஆபத்து. மெய்ப்புப் பார்ப்பவர் கொஞ்சம் அசந்தால் ‘சிற்றுண்டி’ ஆகிவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து:
உண்ணி, ‘உண்’ அடியாகப் பிறந்தது. ஆனால் வழக்கில் அது இரத்தம் உறிஞ்சுவது. காதில் இருப்பதோ தோலின் மேலேயே இருந்து செதிலைத் தின்கிறது. மற்றது தோலுக்குள் குடைந்து போகிறது. ஆகவே ‘செவிச்செதிலி’, ‘தோற்குடையன்’ என்று பிரிப்பதே முறை. தெள்ளு என்பது ‘துள்ளு’ என்பதன் திரிபு என்பது என் நெடுநாள் கருத்து, அது தாவுவதைப் பார்த்தாலே தெரியும். இதே சாக்கில் பூனைக்கும் ‘பூசை’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூசையைக் கம்பர் அவையடக்கத்திலேயே வைத்திருக்கிறார். அவருடைய தேரழுந்தூர் எங்கள் மாவட்டம்தான்.

கும்பகோணத்திலிருந்து:
எங்கள் ஊரில் பூசை என்றால் எந்தக் கோயிலில், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள்.

ஒரத்தநாட்டிலிருந்து:
நான் கால்நடை மருத்துவன். பெயர் எதுவானாலும் சரி, சில விஷயங்கள் விட்டுப்போகக் கூடாது. உடம்பில் சீப்பு வைத்து வாரி, வருகிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த இரத்தம். காது அழுக்கை லென்சில் பார்த்து வெள்ளைப் புள்ளி நகர்ந்தால் மைட். காது மைட் ஒரு பூனைக்கு வந்தால் வீட்டிலுள்ள மற்றப் பூனை, நாய்க்கும் சேர்த்தே மருத்துவம் செய்ய வேண்டும். செலாமெக்டின் போன்றதை எடை பார்த்துப் பிடரியில் விடுவோம்.

நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டுவிட்டு, நடுக்கமும் வலிப்புமாகத் தூக்கி வருகிறார்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. செத்தும் போகும். கற்பூர எண்ணெயும் வேண்டாம், நக்கியே உள்ளே போய்விடும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வருகிறவர்கள் சொல்வது ‘சொறி’. எனவே ‘சொறிப்பூச்சி’ போதும். காதில் இருந்தால் ‘காதுச் சொறிப்பூச்சி’.

மயிலாடுதுறையிலிருந்து:
எட்டுக் கால் உள்ளதைப் பூச்சி என்று ஒரு மருத்துவரே எழுதலாமா? பூச்சிக்கு ஆறு கால்.

ஒரத்தநாட்டிலிருந்து:
முட்டையிலிருந்து வரும்போது அதற்கும் ஆறு கால்தான் ஐயா. அப்புறம்தான் எட்டு.

தஞ்சாவூரிலிருந்து:
சரி, அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். ‘சொறிப்பூச்சி’ என்றே போடுகிறேன். மருத்துவர் ஐயா சொன்ன எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே வருகிறது. ‘பூசை’ இல்லை, மன்னிக்கவும்.

கும்பகோணத்திலிருந்து:
சம்மதம். இதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை. தென்னையில் இருந்தால் சிலந்தி, பூனையில் இருந்தால் பூச்சியா? நாளைக்கு ஒரே வகுப்பில் வேளாண்மையும் விலங்கியலும் படிக்கிற பிள்ளை எதை எழுதும்? அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:
‘தெள்ளு’ பற்றிய என் கருத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.