கடலோரக் கிராமத்தில் 5 நாள், 2 பிள்ளைகள், ஒரு முழங்கால் வலி: என்ன செய்யலாம்?

பெட்டிகட்டி

அடுத்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கடலோரக் கிராமத்தில் வீடெடுத்துத் தங்கப்போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. "நான் வீட்டிலேயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்பார். அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன விடுமுறையில் இதேபோல ஓர் இடத்துக்குப் போய்ப் பட்ட பாடு இது: வாளி, மண்வெட்டி, குடை எல்லாம் தூக்கிக்கொண்டு காலை 10 மணிக்குப் போய் நின்றால் கடற்கரையையே காணோம். மதில் வரை தண்ணீர். பிள்ளைகள் காரிலேயே சண்டை போட்டார்கள். மறுநாள் கொஞ்சமும் யோசிக்காமல் அதே 10 மணிக்குப் போய் அதே தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இணையத்தில் கிடைக்கும் "கட்டாயம் பார்க்க வேண்டிய 10" பட்டியல்கள் எனக்கு வேண்டாம். 6 வயசும் 70 வயசும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். ஊர்த் திருவிழா, படகுப் போட்டி மாதிரி நிகழ்ச்சிகளைத் தவறவிடாமல் இருக்க என்ன வழி? மழை வந்தால்?

அரைத்தூக்கம்

மூன்று பிள்ளைகளின் அப்பா பேசுகிறேன். நிகழ்ச்சி நிரலே போடாதீர்கள், ஒரு மண்வெட்டி போதும். மணல்கோட்டைக்கு மட்டும் ஒரு யோசனை: சொட்டச் சொட்ட நனைந்த மணலை எடுக்காதீர்கள், வழிந்துவிடும். லேசான ஈரம் போதும். மணல் பருக்கைகளுக்கு நடுவே மெல்லிசாக நிற்கிற தண்ணீர்தான் அவற்றை ஒட்டி வைக்கிறது. வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நன்றாகக் குத்தி இறுக்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள்.

நண்டுக்குழி

பெட்டிகட்டி, கடற்கரை எங்கும் போகவில்லை. நீங்கள்தான் பெருக்கு நேரத்தில், அதாவது கடல் ஏறி நிற்கிறபோது, போயிருக்கிறீர்கள். கடலோரத்தில் 11 வருடம் குடியிருந்தவள் நான். முதல் வருடம் எனக்கும் இதே கதைதான்.

பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். ஒரு நாளில் அவ்வளவுதான் தள்ளும் என்பதால், மறுநாள் அதே 10 மணிக்குப் போனால் ஏறக்குறைய அதே தண்ணீர்தான் இருக்கும். அந்தக் கரைக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, முதலில் எடுங்கள். ஊரில் எங்கே என்ன பார்ப்பது என்பதையெல்லாம் அப்புறம் யோசிக்கலாம்.

அமாவாசை, பௌர்ணமி முடிந்த ஓரிரு நாளில் கடல் மிக அதிகமாக ஏறி மிக அதிகமாக வற்றும். கடல் வற்றும்போது பாறை நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிற பாறைக் குட்டைகளைப் பார்க்க அந்த நாட்கள்தான் சரி. வற்று நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே போய், இறங்குகிற தண்ணீரின் பின்னாலேயே நடங்கள். கடல் திரும்பத் தொடங்கியதும் நீங்களும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம். ஏறுகிற 6 மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் வராது. முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், பார்த்தால் தெரியாது. மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும். "இன்னும் நேரம் இருக்கு" என்று பாறையில் உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது அப்போதுதான். ஒரு முறை நான் இடுப்பளவுத் தண்ணீரில் செருப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தேன். என் மகன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

குட்டையில் கல்லைப் புரட்டினால் பழையபடியே வைக்கச் சொல்லுங்கள், அடியில் குடும்பம் இருக்கும். காலிச் சங்கு என்று நினைத்து எடுப்பதற்கு முன் உள்ளே துறவி நண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனை (ஜெல்லி மீன்), செத்திருந்தாலும், தொட விடாதீர்கள். பட்டுவிட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ மணலால் தேய்க்கவோ கூடாது. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குளிக்கிறபோது இன்னொன்று. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாக இருக்கிற இடம் நமக்கு நல்ல இடமாகத் தோன்றும். பெரும்பாலும் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போகிற வழி அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். உங்கள் 11 வயதுக்காரிக்கு இதை வீட்டிலேயே படம் வரைந்து காட்டிவிடுங்கள். உயிர்காப்பாளர் இருக்கிற கரையில் மட்டும் இறங்குங்கள்.

மாமியாருக்கு: முழங்காலைக் கொல்வது காய்ந்த மணல். வற்று நேரத்தில் தண்ணீர் விட்டுப்போன ஈர மணல் தரை மாதிரி இறுகியிருக்கும். படிக்கட்டோ சாய்தளமோ அதற்குப் பக்கத்தில் இறங்குகிற இடமாகப் பார்த்து, ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். சரிவான கரை வேண்டாம், தட்டையான கரைதான் முழங்காலுக்கு நல்லது. படகுத்துறை இருந்தால் பெருக்கு நேரத்தில் அங்கே கூட்டிப் போங்கள். ஆழமில்லாத துறைகளில் தண்ணீர் ஏறினால்தான் படகுகள் வரும், போகும். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

நிகழ்ச்சிகளுக்கு ஊர் அறிவிப்புப் பலகையும் வீட்டுக்காரரும் போதும். படகுப் போட்டிக்கும் ஓதம்தான் நேரம் குறிக்கும். போன வருட நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

சுண்ணாம்புக்கட்டி

மழை நாளுக்கு நான் பொறுப்பு. பள்ளியில் அறிவியல் எடுப்பதால் எனக்கு இது பழக்கம். முதல் நாளே ஒரு டப்பா மணல் எடுத்துவந்து காய வையுங்கள். காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அதில் ஓட்டினால் பல கரைகளின் மணலில் கறுப்புத் துகள்கள் ஒட்டும், அது பெரும்பாலும் மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம். மீதி மணலில் வினிகர் சில துளி விடுங்கள். நுரைத்தால் அதில் சிப்பித் தூளோ பவளத் தூளோ இருக்கிறது. சும்மா இருந்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல் தூள். ஒரு மதியம் ஓடிவிடும். 6 வயதுக்காரர் வினிகர் புட்டியைத் தரமாட்டார், இரண்டு வாங்குங்கள்.

பெட்டிகட்டி

நண்டுக்குழி அக்கா, அட்டவணையை எடுத்துவிட்டேன். ஞாயிறு அமாவாசை. திங்கள் வற்று 11:10, செவ்வாய் 12:00, அப்படியே தள்ளி வெள்ளி 2:30. நீங்கள் சொன்ன 50 நிமிடம் அச்சாக வருகிறது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். வியாழன் மாலை 6:30க்குப் படகுப் போட்டியாம். அன்று பெருக்கு 7:50. மகளே கணக்குப் போட்டு "அதான் அம்மா அந்த நேரம்" என்றாள். செவ்வாய்க்கிழமை பாறைக் குட்டை, வியாழன் துறை என்று இரண்டை மட்டும் முடிவு செய்திருக்கிறோம். அரைத்தூக்கம் அண்ணனுக்காக மீதி நாட்கள் மண்வெட்டிக்கு.

மாமியார் மடக்கு நாற்காலியை இன்றே வீட்டுக்குள் விரித்து உட்கார்ந்து பார்த்தார். "கொஞ்சம் தாழ்வா இருக்கு" என்றார். வருகிறார் என்று அர்த்தம்.

நண்டுக்குழி

தாழ்வான நாற்காலியிலிருந்து எழுவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம், உயரமானது வாங்குங்கள். கால்கள் மணலில் புதையாமல் இருக்க அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். அட்டவணையில் இருப்பது எந்தத் துறைமுகத்தின் நேரம் என்றும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் கிராமம் கழிமுகத்துக்கு உள்ளே தள்ளி இருந்தால் வெளிக்கரையை விடத் தாமதமாகத்தான் ஏறும், வற்றும்.