முனகலை விட்டு வாய்விட்டுக் கூப்பிட்டது

குன்னூர்க்காரி:

மேற்கத்தியச் சடங்கு மந்திரவியலுக்குப் புதிதாக வந்த ஒருவர், இன்வகேஷன் என்ற அழைப்புச் சடங்கைச் செய்ய எப்போது தைரியம் வந்தது என்று கேட்டிருந்தார். எனக்கு அதைக் கொடுத்தது எங்கள் அம்மாயி. அவருக்கு இந்தச் சடங்கைப் பற்றி எதுவும் தெரியாது.

எஸ்டேட் லைன் வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். அந்த வீட்டில்தான் பென்டகிராம் சடங்கைத் தொடங்கினேன். 1888-இல் லண்டனில் உருவான கோல்டன் டான் என்ற மந்திரவியல் அமைப்பு, புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுத்த பயிற்சி அது. திசைக்கு ஒரு ஐமுனை நட்சத்திரத்தைக் காற்றில் வரைந்து, கடவுளின் ஒரு எபிரேயப் பெயரை உடம்பு அதிரும்படி உச்சரிக்க வேண்டும். கிழக்கே யோத் ஹே வாவ் ஹே, தெற்கே அதோனாய், மேற்கே எஹியே, வடக்கே அக்லா. அப்புறம் முன்னால் ரஃபேல், பின்னால் கேப்ரியல், வலது பக்கம் மைக்கேல், இடது பக்கம் யூரியல் என்று நாலு தேவதூதர்கள் நிற்பதாக நினைத்து அழைக்க வேண்டும். ஜபத்துக்கு முன் திக்பந்தனம், அதாவது திசைக்கட்டு, செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

என் சிக்கல் குரல்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று மூன்று மாதம் முனகினேன். எபிரேயப் பெயர் என் வாயில் சரியாக வருகிறதா என்ற சந்தேகம் வேறு. ஏதாவது கண்ணுக்குத் தெரியுமா என்று காத்திருந்து, ஒவ்வொரு நாளும் நோட்டில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதி வைத்தேன்.

டிசம்பர் மாதம், புல்லெல்லாம் பனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் நின்று செய்துகொண்டிருந்தேன். அம்மாயி விறகு எடுக்க வந்தார்.

“என்னாடி முனகிக்கிட்டு நிக்கிற?”

“சாமி பேரு சொல்றேன் அம்மாயி.”

“சும்மா சொல்றியா, கூப்பிடுறியா?”

எனக்குப் பதில் வரவில்லை. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர் அவர். விறகைக் கீழே போட்டார். எதிர்ச் சரிவைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காலையும் ஊன்றி, மூச்சை இழுத்து, “ஏ... தங்கச்சீ...” என்று ஒரு கூப்பிடு கூப்பிட்டார். அந்தச் சத்தம் பள்ளத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. “அந்தப் பக்கம் நிக்கிறவளுக்குக் கேக்கணும்னா வயித்துல இருந்து வரணும். கேக்குமோ கேக்காதோன்னு நெனச்சா தொண்டையிலேயே நின்னுரும்” என்று சொல்லிவிட்டு விறகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தெற்கே திரும்பி அதோனாய் என்றேன். குளிரில் வாயிலிருந்து ஆவி வந்தது. முனகும்போது அது உதட்டருகிலேயே கலைந்துவிடும். அன்று ஒரு கை நீளத்துக்கு நேராகப் போய் அப்புறம்தான் கலைந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்தது, விரல் நுனி சூடானது. காட்சி எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு நோட்டில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுத முடியவில்லை.

அதன் பிறகுதான் முழு இன்வகேஷன். ஒன்றை உனக்குள் வரவழைப்பது இன்வகேஷன். வெளியே, எதிரில் நிறுத்துவது எவகேஷன். நம் ஊர்ச் சொல்லில் முதலாவது ஆவாஹனத்துக்குப் பக்கத்தில் வரும். நாலு பேர் முன்னால் பேச வாய் வராதவள் நான், அதனால் பேச்சுக்கு உரிய புதனை எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை சூரிய உதயத்திலிருந்து முதல் ஓரை புதனுடையது. வீட்டு நாள்காட்டியில் போட்டிருப்பதும் மேற்கத்திய கிரக மணிக்கணக்கும் இதில் ஒன்றுதான். அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. இந்த மரபில் புதனுக்கு நிறம் ஆரஞ்சு, எண் எட்டு. அதனால் ஆரஞ்சுத் துணி விரித்து, எட்டு முறை அழைத்தேன். ஆறாவது முறையில் என் குரலை நான் கவனிப்பது நின்றுபோனது. வேண்டுதலுக்கான வாக்கியங்கள் நான் தேடாமலே வந்தன. அது தேவதையா, என் மனசா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முடித்த பிறகு மறுபடியும் பென்டகிராம், அப்புறம் சூடாக டீயும் வர்க்கியும்.

மேல்மலைக்காரன்:

கடைசியில் சொன்ன இரண்டையும் விடாதீர்கள். பூம்பாறை பக்கம் பூண்டுக் காட்டில் தனியாக இருந்தபோது, அழைப்பு நன்றாக வந்த சந்தோஷத்தில் முடிக்கும் சடங்கைச் செய்யாமல் படுத்துவிட்டேன். மூன்று இரவு தூக்கம் இல்லை, எல்லாரிடமும் எரிச்சல். பயிற்சியை நிறுத்தி, வயிறு நிறையச் சாப்பிட்டு, தினமும் பென்டகிராம் மட்டும் செய்தேன், சரியானது. யாருக்காவது தூக்கமின்மை தொடர்ந்தாலோ குரல்கள் கேட்டாலோ சடங்கை மூட்டை கட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

புதியவர்:

நான் ஊட்டியில் ஹாஸ்டலில் இருக்கிறேன். அறையில் நாலு பேர். சத்தமே போட முடியாது.

குன்னூர்க்காரி:

போடாமலும் செய்யலாம். உதட்டை மூடி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, அதோனாய் என்று மனசுக்குள் இழுத்துச் சொல்லுங்கள். கைக்குக் கீழே லேசாக அதிர்வதுபோல் உணரும் வரை மூச்சை மெதுவாக விடுங்கள். ஆனால் ஒருமுறையாவது மேட்டுப் பக்கம் தனியாக நடந்துபோய், வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் அறையில் மூடிய வாயோடு செய்யும்போதும் அந்தச் சத்தம் வயிற்றில் இருக்கும்.