இன்சுலின் நிறம் ஏறாத பீட்டா செல்: அழிந்ததா, காலியானதா?

கேள்வி:
டிபி/டிபி வகை (மரபணுப் பிறழ்வால் பருமனும் நீரிழிவும் கொள்ளும்) எலிகளின் கணையத் துண்டங்களுக்கு, இன்சுலினோடு ஒட்டும் ஒளிர் ஆன்டிபாடியால் நிறமேற்றி, லேசரால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்து வருகிறேன். நோயில்லாத எலிகளில் லாங்கர்ஹான்ஸ் திட்டின் (இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அடங்கிய செல்கூட்டத்தின்) நடுப்பகுதி முழுவதும் ஒளிர்கிறது. நோயுற்றவற்றிலோ அவ்வொளி வெகுவாக மங்கி, சில செல்களில் அறவே காணப்படவில்லை. இதைக் கொண்டு பீட்டா செல்கள் அழிந்துவிட்டன என்று முடிவு செய்யலாமா? செல் உயிரோடிருக்க, உள்ளிருக்கும் இன்சுலின் மட்டும் தீர்ந்திருக்கக்கூடும் என்றால், இரண்டையும் எந்த முறையால் பிரித்தறிவது?

மறுமொழி 1:
அப்படி முடிவு செய்ய இயலாது. இன்சுலின் ஆன்டிபாடி காட்டுவது செல்லின் கையிருப்பையே தவிர செல்லை அன்று. குளுக்கோஸ் நெடுங்காலம் மிகுந்திருந்தால், ஆக்குவதைவிட விரைவாக இன்சுலினை வெளியேற்றும் செல் காலியாகிவிடும். ஆகவே அதே துண்டத்தில் பீட்டா செல்லை அடையாளங்காட்டும் என்.கே.எக்ஸ்.6.1 என்னும் உட்கருப் புரதத்துக்கும் சேர்த்து நிறமேற்றுங்கள். இன்சுலின் இல்லாமல் உட்கரு மட்டும் ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் காலியான பீட்டா செல்லே. ஆனால் தன் அடையாளத்தையே இழந்துவரும் செல்லில் இப்புரதமும் குறையும். 2012-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமெனிகோ அச்சிலியின் குழுவினர், பீட்டா செல்களில் ஃபாக்ஸ்ஓ1 மரபணு நீக்கப்பட்ட எலிகளில், செல்களுக்கு அழியாத ஒளிர் அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது, இன்சுலினை இழந்த செல்கள் பலவும் சாகாமல் முதிர்ச்சியற்ற நிலைக்குத் திரும்பியிருந்ததைக் கண்டனர். கண்டிப்பான சான்று வேண்டுமெனில் செல்லுக்கு நிலையான அடையாளமிட்டுப் பின்தொடரும் இத்தகைய வழித்தடமறிதலே தகும்.

லேசர் வலிமையையும் உணர்வியின் பெருக்கத்தையும் எல்லாத் துண்டங்களுக்கும் ஒரே அளவில் வைத்திருந்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். இல்லையேல் ஒளியளவை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மறுமொழி 2:
காலியாதலை நேரில் காண எலக்ட்ரான் நுண்ணோக்கியே உகந்தது. செல்லுக்குள் இன்சுலினைச் சேமித்து வைக்கும் நுண்பையான இன்சுலின் துகளின் விட்டம் ஏறத்தாழ 300 நானோமீட்டர். கான்ஃபோகலின் பிரிதிறன் (இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் மிகச்சிறு இடைவெளி) பக்கவாட்டில் 200 நானோமீட்டரை ஒட்டியும் ஆழவாக்கில் அதைவிட மோசமாகவும் இருப்பதால், ஒரு செல்லில் பத்தாயிரம் அளவுக்கு நெருங்கிக் கிடக்கும் துகள்களை அதனால் தனித்தனியே எண்ண முடியாது. எலக்ட்ரான் படத்தில் கருத்த மையமும் சுற்றிலும் வெளிறிய வளையமும் தென்படும் (அவ்வளையம் பெரும்பாலும் வேதிப் பதப்படுத்தலின் விளைவு, உயரழுத்தத்தில் உறையவைத்தால் பெரிதும் குறைந்துவிடும்). துகள்கள் அருகியும், எண்டோபிளாச வலை விரிந்தும், உட்கரு நலமாகவும் இருந்தால் அந்தச் செல் ஓயாது உழைத்துத் தேய்ந்தது, செத்துக்கொண்டிருப்பது அன்று.

மறுமொழி 3:
மேற்சொன்னவை யாவும் பதப்படுத்திய திசுவைப் பற்றியவை. திட்டுகளை உயிருடன் பிரித்தெடுக்க வசதியிருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு பாதியை உடனே பதப்படுத்திவிட்டு, மறுபாதியை இயல்பான குளுக்கோஸில் ஓரிரவு வைத்திருந்து பின் நிறமேற்றுங்கள். அத்தகைய ஓய்வுக்குப் பின் டிபி/டிபி எலிகளின் பீட்டா செல்களில் துகள்கள் மீண்டும் நிரம்புவது அறியப்பட்டதே; இறந்த செல்லுக்கு அது இயலாது.

செயல்திறனையும் அறிய விரும்பினால், குளுக்கோஸை 3-இலிருந்து 11 மில்லிமோலாராக உயர்த்தி, கால்சியத்துக்கேற்ப ஒளிர்வு மாறும் ஃபியூரா-2 சாயத்தால் கால்சிய ஏற்ற இறக்கத்தைப் பதியுங்கள். திட்டைச் சிதைக்காமல் பார்ப்பது அவசியம். அண்டைச் செல்களை இணைக்கும் கனெக்சின் 36 என்னும் புரதத்தாலான இணைப்புகள் வழியே செல்கள் ஒத்தியங்குவதைத் தனிச் செல்லில் காண முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முழுக் கணையத்தையும் ஒளிபுகும்படி தெளிவாக்கி, மெல்லிய ஒளித்தகட்டால் முழுத் திசுவையும் படமெடுக்கும் ஒளித்தாள் நுண்ணோக்கியில் பீட்டா செல்களின் மொத்தப் பருமனை அளந்தால் ஐயம் தீருமா?

மறுமொழி 1:
துண்டங்களைத் தெரிவு செய்வதில் நேரும் பிழை நீங்கும். எனினும் அங்கும் இன்சுலின் நிறத்தை மட்டும் நம்பினால், காலியான செல்கள் கணக்கில் வராமலேயே போகும். இரண்டாம் அடையாளம் ஒன்றையும் சேர்த்தே அளவிடுங்கள்.