ஹோம்ஸ் பாக்ஸ்ல டைஸ் இல்லன்னா அரைகுறையாமே!

பகடைப்பித்தன்:
விலை கேக்குற திரியில குகைவாசி எழுதினதை படிச்சதுல இருந்து மனசு ஆறல. 1977ல டிஎஸ்ஆர் கம்பெனி விட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற கதாபாத்திர கேமோட பேசிக் செட், எரிக் ஹோம்ஸ் எடிட் பண்ணதால நாம எல்லாரும் ஹோம்ஸ் பாக்ஸ்னு சொல்றது, அதுல டைஸ் இல்லாம நம்பர் அட்டை மட்டும் இருந்தா "அது அரைகுறை பெட்டி, பாதி விலைக்கு மேல குடுக்காதீங்க"ன்னு புதுசா வந்த ஒருத்தருக்கு புத்தி சொல்லியிருக்கார். 1979ல பெட்டி விக்கிற வேகத்துக்கு டைஸ் கிடைக்கல. அதனால கம்பெனி இருந்த லேக் ஜெனீவாவுல இருந்து கெளம்பும்போதே, நம்பர் துண்டுகளா வெட்டி எடுத்துக்கிற சிட் ஷீட்டும் (அதான் அந்த நம்பர் அட்டை), ஸ்டாக் வந்ததும் டைஸ் வாங்கிக்க ஒரு கூப்பனும் வெச்சுதான் அனுப்பினாங்க. கடையில எப்படி வித்துச்சோ அப்படியே இருக்கிற பெட்டி எப்படிங்க அரைகுறை ஆகும்?

குகைவாசி:
என் பேரை போட்டே திரி ஆரம்பிச்சாச்சு, ரொம்ப சந்தோஷம். சொன்னது சொன்னதுதான். டைஸ் உருட்டி ஆடுற கேம், உள்ள டைஸ் இல்ல. கம்பெனியே குறையா அனுப்பிட்டா அது குறை இல்லன்னு ஆயிடுமா?

பகடைப்பித்தன்:
அப்ப 1974ல வந்த முதல் பெட்டி? மரக்கலர் ஸ்டிக்கர் ஒட்டி ஆயிரம் காப்பி போட்டாங்களே, அதுல டைஸே கிடையாது, தனியா காசு குடுத்து வாங்கணும். அதையும் அரைகுறைன்னு பாதி விலைக்கு தருவீங்களா? தந்தா முதல்ல எனக்கு சொல்லுங்க சார், நானே வந்து எடுத்துக்கறேன்.

குகைவாசி:
அதுல வெக்கவே இல்ல. இதுல வெச்சிட்டு எடுத்தாங்க. ரெண்டும் ஒண்ணா? 1977ல வாங்கின பையனுக்கு அஞ்சு டைஸ், 1979ல வாங்கின பையனுக்கு அட்டை. எது ஒரிஜினல்னு சின்ன புள்ளைய கேட்டா கூட சொல்லும்.

செவ்வகம்:
முழுசுன்னா என்னன்னு முதல்ல ஒரு முடிவுக்கு வாங்களேன். ஆடுறதுக்கு முழுசா இருக்கணுமா, சேகரிக்கிறதுக்கு முழுசா இருக்கணுமா? அது தெரியாம ரெண்டு பேரும் வேற வேற விஷயத்துக்கு சண்டை போடுறீங்க.

பகடைப்பித்தன்:
முடிவு பண்ண என்ன இருக்கு செவ்வகம், சிட் ஷீட் இருக்கு, அவ்ளோதான். வெட்டாத சிட் ஷீட் எவ்வளவு அரிதுன்னு யாராவது யோசிச்சீங்களா? அன்னிக்கு வாங்கின பசங்க எல்லாம் அதை கத்தரிச்சு கப்புக்குள்ள போட்டு குலுக்கி எடுத்து ஆடி தீத்துட்டாங்க, சோஃபா இடுக்குல பாதி போச்சு, அம்மா பெருக்கும்போது மீதி போச்சு, அதையும் தாண்டி ஒரு ஷீட் முழுசா தப்பிச்சு நம்ம கைக்கு வந்திருக்குன்னா அதை பாத்து கும்புடணும். 1979 ஆகஸ்ட்ல மிச்சிகன்ல ஒரு காலேஜ் பையன் காணாம போனதும் பேப்பர்காரங்க இந்த கேம் மேல பழியை போட, சனம் என்னதான்னு பாக்க கடைக்கு ஓடுன காலம் அது. கம்பெனியே திணறின வருஷத்துக்கு சாட்சி அந்த அட்டை. அதை எடுத்துட்டு டைஸ் போட்டா பெட்டியோட கதையே போச்சு.

குகைவாசி:
கதைக்கு யாரும் காசு குடுக்கறதில்ல. டைஸ் எங்க?

பகடைப்பித்தன்:
டைஸ் டைஸ்னு உருகுறீங்களே, அந்த டைஸோட லட்சணம் தெரியாதா? மஞ்சள் நாலு முகம், ஆரஞ்சு ஆறு முகம், பச்சை எட்டு, நீலம் பன்னெண்டு, வெள்ளை இருபது. எல்லாம் மெத்துனு பிளாஸ்டிக், ரெண்டு வருஷம் ஆடினா முனை தேஞ்சு வெள்ளை டைஸ் கோலிக்குண்டா ஆயிடும். அதுலயும் இருபது வரைக்கும் நம்பர் இல்ல, பூஜ்யத்துல இருந்து ஒம்போது வரைக்கும் ரெண்டு தடவை.

குகைவாசி:
தேஞ்ச டைஸும் டைஸ்தான். தேஞ்சிருந்தா ஆடியிருக்காங்கன்னு அர்த்தம். உங்க அட்டை யாரும் தொடாம பெட்டியில தூங்கினது.

இருட்டறை:
எனக்கு குகைவாசி அண்ணன் சொல்றதுதான் சரியா படுது. இதே கேமுக்கு வந்த கடவுள்கள் புத்தகம் டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்லயும் இதே கதைதானே? 1980ல முதல்ல வந்தது 144 பக்கம், வேற எழுத்தாளர்கள் கதைகள்ல இருந்து எடுத்த கதுல்லு, எல்ரிக் பகுதி எல்லாம் உள்ள இருக்கும். அப்புறம் உரிமை பிரச்சனையில அதை தூக்கிட்டு 128 பக்கமா ஆக்கினாங்க. நாம 144க்குதானே அலையறோம்? குறைஞ்சது குறைஞ்சதுதான்.

பகடைப்பித்தன்:
தம்பி, 128 பக்கத்துக்காரன் கையில இருக்கிறதும் அந்த பிரிண்டிங்ல முழு புத்தகம்தான். பக்கம் கிழிஞ்சா போச்சு? அச்சே அப்படி.

குகைவாசி:
ஓஹோ! அதனாலதான் போன வருஷம் 128 பக்கத்தை படத்துல பக்க எண் தெரியாம எடுத்து "பழைய பிரிண்ட், கம்ப்ளீட்"னு வித்தீங்களா? வாங்கினது என் நண்பன். இன்னும் என்கிட்ட புலம்பறான்.

பகடைப்பித்தன்:
பழைய பிரிண்ட்னு போட்டேன், 144னு போட்டேனா? கேள்வி கேக்காம வாங்கிட்டு இப்ப உங்க வாயில பேசறார். நீங்க மட்டும் என்னவாம், ரெட் பாக்ஸ்னு இதே கேமோட பிந்தின பேசிக் செட் ஒண்ணை புதுசா பிளாஸ்டிக் ஷ்ரிங்க்ராப் சுத்தி பிரிக்காத பெட்டின்னு படம் போட்டீங்களே, பிளாஸ்டிக்ல ஓட்டையும் இல்ல, பழசான மஞ்சளும் இல்ல, நேத்து சுத்தின மாதிரி பளபளன்னு.

குகைவாசி:
நான் சுத்தல. வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.

செவ்வகம்:
1983 ரெட் பாக்ஸ்னா உள்ள டைஸ் நம்பருக்கு கலர் தேய்க்க கிரேயான் இருக்கும். கிரேயான் இல்லன்னா அதுவும் அரைகுறையா? சும்மா கேக்கறேன்.

குகைவாசி:
கிரேயான் வேற, டைஸ் வேற. அதை நடுவுல இழுக்காதீங்க.

பகடைப்பித்தன்:
ஏன் இழுக்கக்கூடாது? நல்லா கேட்டார். கிரேயான் இல்லாத ரெட் பாக்ஸை முழுசுன்னு விப்பீங்க, கம்பெனி வெச்ச சிட் இருக்கிற ஹோம்ஸ் பாக்ஸை அரைகுறைம்பீங்க. இதுல ஒரு நியாயமும் இல்ல. திரும்பவும் சொல்றேன், சிட்டும் கூப்பனும் இருக்கிற பெட்டிக்குள்ள டைஸும் கெடந்தா அது யாரோ பின்னாடி போட்ட டைஸ், அதைத்தான் நீங்க முழுசுன்னு வாங்கிட்டு இருக்கீங்க.

இருட்டறை:
கூப்பனை அனுப்பி அந்த பையனே டைஸ் வாங்கி உள்ள போட்டிருந்தா?

பகடைப்பித்தன்:
கூப்பன் இருக்கிற பெட்டின்னு சொன்னேன். கூப்பன் இருக்கிற பெட்டி. படிச்சிட்டு பேசு தம்பி.

இருட்டறை:
கூப்பன் இல்லாத பெட்டியா இருந்தா?

பகடைப்பித்தன்:
அதை பத்தி இங்க யாரும் பேசல.

பழையமாளிகை:
எனக்கு இதெல்லாம் வேணாம்ப்பா, 2013ல, டிஎஸ்ஆரை அப்புறம் வாங்கின விசார்ட்ஸ் கம்பெனி மரப்பெட்டியில முதல் கேமை திரும்ப போட்டாங்க, அதை வாங்கி நிம்மதியா ஆடறேன்.

குகைவாசி:
அட்டைப்படம் புதுசா வரைஞ்சதுங்க அது. ஒரிஜினல் பக்கத்துல அதை வெக்கவே கூடாது.

பகடைப்பித்தன்:
இந்த ஒரு விஷயத்துல அவர் சொல்றது சரி. ஹோம்ஸ் பாக்ஸ் மூடியில ஓவியர் சதர்லேண்ட் வரைஞ்ச டிராகனை, அந்த புதையல் குவியல் மேல கெடக்கறதை ஒரு தடவை கையில வெச்சு பாத்தவன் ரீபிரிண்ட் பக்கம் போவானா?

பழையமாளிகை:
ஆடத்தானே கேம்?

குகைவாசி:
ஆடத்தான். அதுக்குத்தான் டைஸ் வேணும்னு காலையில இருந்து கத்தறேன்.

பகடைப்பித்தன்:
பாத்தீங்களா, மறுபடியும் டைஸ்! சிட் வெச்சும் ஆடலாம், ஆடியிருக்காங்க. குகைவாசி, உங்க பெட்டியில பி1 மாட்யூல், அதாவது சாகச புத்தகம் இருக்கா, அதுக்கு அப்புறம் வெச்ச பி2 இருக்கா, இல்ல ரெண்டுக்கும் முன்னாடி வந்த, சேத்து வெச்சு குகை அமைக்கிற ஜியோமார்ஃப் மேப் இருக்கா? அதை சொல்லுங்க, உங்க டைஸ் அந்த பெட்டியோடதான்னு நான் சொல்றேன்.

குகைவாசி:
உங்ககிட்ட எதுக்கு சொல்லணும்?

பகடைப்பித்தன்:
அப்ப பி2தான், பிந்தின பெட்டி. ரூல்புக் என்ன பிரிண்டிங், அதையும் படம் எடுத்து போடுங்க.