வெளிநாட்டுப் போர்க் கல்லறைகளில் உலகப் போர்களில் இறந்த நம் வீரர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

டிக்கெட் எடுப்பதற்கு முன், தேடுகிறவருக்குக் கல்லறை இருக்கிறதா, பொறித்த பெயர் மட்டுமா என்று பார்த்துவிடுங்கள். இந்து, சீக்கிய வீரர்கள் பலரை எரியூட்டினார்கள். கல்லறை வரிசைகளில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் பிரதான நினைவிடத்துக்குப் பின்னால் எரியூட்டப்பட்டவர்களுக்கென்றே தனி நினைவிடம் உண்டு, ஏறக்குறைய 800 பெயர்கள். பிரதான நினைவிடத்தில் 24,000-க்கும் மேல். பெயர் பொறித்திருக்கும் தூணின் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனால் வெயிலில் அரை நாள் வீண். இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலேயே எண் இலவசமாகக் கிடைக்கும்.

*

அந்தத் தேடலில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஆட்களின் ஒற்றைப் பெயர் பெரும்பாலும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கும். எழுத்துக்கூட்டலோ எழுத்தர் காதில் விழுந்தபடி. முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி எல்லாமே ஒரே ஆளாக இருக்கலாம். படைப்பிரிவை (மெட்ராஸ் சாப்பர்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட், பயனியர் கோர்) வைத்து வடிகட்டி, பதிவிலுள்ள ‘கூடுதல் தகவல்’ பகுதியில் தகப்பன் பெயரும் ஊரும் ஒத்துவருகிறதா பாருங்கள். வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். படை எண் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களே ஆணையத்தின் இரண்டாம் உலகப் போர்க் கணக்கில் வருவார்கள். ஜப்பானியர் போர்க்காலத்தில் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் இதில் இல்லை. அந்தப் பாதையருகே தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனபுரி போர்க் கல்லறை படையினருக்கானது. அந்தத் தண்டவாளத்தில் எத்தனை தமிழர் செத்தார்கள் என்று நினைத்தால் இது நெஞ்சை அறுக்கும் விஷயம்தான்.

*

படம் எடுக்க: எழுத்து மங்கலாகத் தெரிந்தால் சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீர்கள். நார்மண்டி அமெரிக்கக் கல்லறையில் ஓமஹா கடற்கரை மணலை நனைத்து எழுத்துக்குள் தேய்ப்பது உண்டு. அது ஊழியர்கள் பளிங்குக்கல்லில் செய்வது. பிரான்சில் காமன்வெல்த் கல்லறைகள் பலவும் போர்ட்லாண்ட் சுண்ணாம்புக்கல், எதையும் உறிஞ்சும். கண்ணாடி ஒன்றால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினாலே எழுத்து எழும்பிவிடும். காலையும் மாலையும் அதுவும் தேவையில்லை.

விளக்கெண்ணெய், குங்குமம், கற்பூரப் புகை மூன்றும் அந்தக் கல்லில் கறையாகத் தங்கும். விளக்கேற்றியே ஆகவேண்டுமென்றால் ஊழியரிடம் கேட்டு, கல்லைவிட்டுத் தள்ளி, தட்டில் வைத்து ஏற்றுங்கள். பூவைக் கல்லடியில் வையுங்கள், பெயரை மறைக்காமல்.