அனிதாவுக்குத் தெரியாத குழு

திவ்யா: எல்லாருக்கும் வணக்கம். அனிதா அக்காவை வேண்டுமென்றேதான் இந்தக் குழுவில் சேர்க்கவில்லை. குழந்தை பிறப்பதற்குள் நம் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். யாருக்கு என்ன வரும், சொல்லுங்கள்.

பெரியம்மா: போர்வைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குரோஷே, அதுதான் கொக்கி ஊசிப் பின்னல், சதுரமாக ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்புங்கள். இணைப்பது என் பொறுப்பு.

சித்தி: எவ்வளவு பெரிய போர்வை அக்கா?

பெரியம்மா: 100க்கு 120 செ.மீ. ஒரு சதுரம் 10 செ.மீ. நான்கு சுற்று, சுற்றுக்கு ஒரு நிறம்.

கார்த்திக்: அப்படியென்றால் 120 சதுரம் பெரியம்மா. நான்கு நிறம் என்றால் ஒரு சதுரத்துக்கு எட்டு நூல் முனை. மொத்தம் 960 முனை. ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும்.

மாமா: படிக்க வைத்தது வீண் போகவில்லை.

சித்தி: ஒரே நிறத்தில் போட்டால் சதுரத்துக்கு இரண்டு முனையோடு போய்விடும். 240தான்.

பெரியம்மா: ஒரே நிறத்தில் போட்டால் அது போர்வை இல்லை, கால்மிதி. நான்கு நிறம்தான். முனையை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், 15 செ.மீ. நீளம் விடுங்கள். மறைக்கும்போது ஒரே திசையில் இழுத்து விடாமல் முன்னே போய், திரும்பி வந்து, இன்னொரு முறை முன்னே போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சலவையில் வெளியே தலை நீட்டும்.

அத்தை: அக்கா, செய்முறையை ஒரு தடவை எழுதிப் போடுங்களேன். கைவிட்டு வெகு நாளாகிவிட்டது.

பெரியம்மா: நாலு செயின் (சங்கிலித் தையல்) போட்டு வட்டமாக இணை. வட்டத்துக்குள்ளே மூன்று டிரெபிள் (உயரமான தையல்; மூன்றும் சேர்ந்தது ஒரு கொத்து), இரண்டு செயின். இப்படி நான்கு முறை. அதுதான் நான்கு மூலை. அடுத்தடுத்த சுற்றில் மூலைக்கு மூலை இரண்டு கொத்து, நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ஒரு கொத்து. ஊசி 4 மி.மீ. பருத்தி நூல் மட்டும்.

கார்த்திக்: நானும் போடுகிறேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மாமா: 👏

*வியாழக்கிழமை*

சித்தி: [படம்] முதல் சதுரம் வந்துவிட்டது. 11.5 செ.மீ. இருக்கிறது அக்கா.

அத்தை: [படம்] எனக்கு 9தான் வருகிறது. அதே ஊசி, அதே நூல்.

கார்த்திக்: [படம்] 14!

பெரியம்மா: என்னடா இது, மேசை விரிப்பா?

கார்த்திக்: நீங்கள் சொன்ன மாதிரியே மூன்று மூன்று டிரெபிள்தான் போட்டேன்.

நந்தினி: கார்த்திக், நீ பார்த்தது அமெரிக்க வீடியோவா? பெரியம்மா சொல்வது இங்கிலாந்துக் கணக்கு. அவர்களுக்கு டிரெபிள் என்பது அமெரிக்கர்களுக்கு டபுள். அமெரிக்க டிரெபிளில் நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவார்கள், அதனால்தான் உன் தையல் உயர்ந்துவிட்டது. செய்முறையில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. இங்கிலாந்துக் கணக்கில் சிங்கிளே கிடையாது, டபுளில்தான் தொடங்கும்.

கார்த்திக்: இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் அக்கா.

நந்தினி: சித்தியுடையதும் என் அம்மாவுடையதும், அதாவது திவ்யாவின் அத்தையுடையதும், வேறு விஷயம். அது கை இறுக்கம். சித்தி நூலைத் தளர விடுகிறார், அம்மா இழுத்துப் பிடிக்கிறாள். கையை மாற்ற முயற்சி செய்ய வேண்டாம், ஊசியை மாற்றுங்கள். சித்திக்கு 3.5, அம்மாவுக்கு 4.5. அதன் பிறகும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சதுரத்தை நனைத்து, ஒரே அளவுக்கு இழுத்துப் பின் குத்திக் காயவைத்தால் சரியாகிவிடும்.

பெரியம்மா: நான் சொல்ல வந்ததை அவளே சொல்லிவிட்டாள்.

நந்தினி: இன்னொன்றும் சொல்லவேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள் பெரியம்மா. ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. முகத்தில் ஏறினால் அதற்குத் தள்ளிவிடத் தெரியாது. எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு அம்மாவிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறோம். அதுவும் இந்தச் சதுரத்தில் ஓட்டை அதிகம், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்.

பெரியம்மா: நாங்கள் எல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா?

திவ்யா: பெரியம்மா, அவள் வேலையே அதுதானே...

பெரியம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லை.

சித்தி: அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிறைய சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

*வெள்ளிக்கிழமை*

அம்மா: அக்காவிடம் போனில் பேசிவிட்டேன். போர்வை வேலை நிற்காது, ஆனால் அவசரமும் இல்லை. குழந்தை தவழும் வயதில் தரையில் விரிக்க, மடியில் போட்டுக்கொள்ள என்று வைத்துக்கொள்வோம். இப்போதைக்குச் சின்னச் சின்னதாக, உடனே பயன்படுகிற மாதிரி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நந்தினி: அப்படியென்றால் நான் சொல்வது மல்மல் துணி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், நான்கு ஓரமும் இரண்டு மடிப்பு மடித்து அடித்தால் வேலை முடிந்தது. குழந்தையை ஏந்த, துடைக்க, பால் கொடுக்கும்போது மறைப்புக்கு என்று எதற்கும் ஆகும். தைக்கத் தெரியாதவர்கள்கூட இதைத் தைக்கலாம்.

சித்தி: எடுத்துக்கொண்டேன். ஆனால் மல்மல் துணியை வெட்டும் முன்பே ஒரு முறை நனைத்துக் காயவைக்க வேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் அலையலையாக நிற்கும். மிஷினில் 70 எண் ஊசி போடப் போகிறேன், தடித்த ஊசி போட்டால் துணியை மென்று தின்றுவிடும்.

அம்மா: நான் பிப், அதுதான் குழந்தை கழுத்தில் மாட்டும் எச்சில் துணி, தைக்கிறேன். மேலே பருத்தி, கீழே டர்க்கி டவல். பழைய டவல் ஒன்று மெத்தென்று இருக்கிறது.

நந்தினி: டவல் நல்லது அத்தை. ஃப்ளீஸ் என்கிற செயற்கை இழைத் துணி மட்டும் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. கழுத்தில் கட்டுகிற நாடாவும் வேண்டாம், எங்காவது மாட்டி இறுக்கினால் அவிழாது. வெல்க்ரோ என்றால் இழுத்தவுடன் விட்டுவிடும்.

அம்மா: வெல்க்ரோ கழுத்தைக் கீறுமே?

நந்தினி: சொரசொரப்பான பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். துவைக்கும்போது ஒட்டி வைத்தே போடச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கூட இருக்கும் மல்மலைப் பிடித்து இழுத்துவிடும்.

திவ்யா: அம்மா, போன தடவை நீ தைத்த பிப்பில் கழுத்து வளைவு சுருங்கி நின்றதே, அதற்கு என்ன செய்வது?

அம்மா: அதை நீ குழுவில் சொல்லியாக வேண்டுமா?

அத்தை: வளைவில் வெட்டு விடவில்லையா அண்ணி? நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்துச் சுற்றித் தைத்த பிறகு, வளைவு முழுக்க ஒரு செ.மீ.க்கு ஒரு சின்ன வெட்டு. தையலைத் தொடாமல். திருப்புவதற்கு ஒரு பக்கம் ஏழெட்டு செ.மீ. திறந்து விட்டிருப்பீர்கள் அல்லவா, அதன் வழியே திருப்பி, இஸ்திரி போட்டு, மேலே ஒரு தையல் சுற்றி ஓட்டுங்கள். திறந்த இடமும் அதிலேயே மூடிவிடும். இஸ்திரி போடாமல் மேல் தையல் ஓட்டினால் எத்தனை வெட்டு விட்டும் பயனில்லை. தையலில் பாதி அழகு இஸ்திரிப் பெட்டியில்தான்.

கார்த்திக்: நான் தொப்பி போடலாமா? வட்டமாகத்தானே போகும், சதுரம் என் கைக்கு ஆகவில்லை.

நந்தினி: போடு. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. அதை 3.14ஆல் வகுத்தால் 11 வருகிறது. உச்சி வட்டத்தின் குறுக்களவு 10.5 செ.மீ. வந்ததும் சுற்றுக்குச் சுற்று தையலை அதிகரிப்பதை நிறுத்திவிடு. கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் தலையில் பிடித்து நிற்கும். அப்புறம் அப்படியே கீழே இறங்க வேண்டியதுதான். உச்சியிலிருந்து 14 செ.மீ. வந்தால் போதும்.

கார்த்திக்: அதிகரிப்பு ஆறு ஆறாகத்தானே? 6, 12, 18, 24...

நந்தினி: உன் அமெரிக்க சிங்கிள் என்றால் ஆறு ஆறு. டபுள் என்றால் பன்னிரண்டு பன்னிரண்டு.

பெரியம்மா: எண்ணிக்கையை மட்டும் நம்பாதே. வட்டத்தை மேசையில் வைத்துப் பார். ஓரம் நெளிந்தால் அதிகம் போட்டுவிட்டாய். கிண்ணம் மாதிரி குழிந்தால் குறைவு. உச்சியில் பொம்பொம் (நூல் பந்து) வைக்காதே, நூல் உதிர்ந்து வாயில் போகும்.

திவ்யா: பெரியம்மா வந்துவிட்டார் 😀

நந்தினி: தொப்பி வெளியே போகும்போதுதான் என்று அனிதாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தலை மூடக் கூடாது. குழந்தையின் உடல் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும்.

மாமா: எனக்கு ஒரு சந்தேகம். எல்லாமே குழந்தைக்குத்தானா? பெறப் போகிறவளுக்கு ஒன்றும் கிடையாதா?

அத்தை: இவர் பேசியதிலேயே உருப்படியான பேச்சு.

அம்மா: உண்மைதான். நமக்கு யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

திவ்யா: பை தைக்கலாமா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக, அப்புறம் எங்கே போனாலும் குழந்தையின் சாமான்களைத் தூக்க. உள்ளே நிறைய பாக்கெட் வைத்து. கார்த்திக்கின் பழைய ஜீன்ஸ் மூன்று இருக்கிறது.

கார்த்திக்: இரண்டுதான் பழையது.

அத்தை: ஜீன்ஸுக்கு 100 எண் ஊசி போட வேண்டும் திவ்யா. சாதாரண ஊசி முறியும், முறிந்த துண்டு கண்ணில் தெறிக்கவும் கூடும். தையல் நீளத்தை மூன்றரைக்கு வை. நான்கைந்து மடிப்பு சேருகிற இடத்தில் பெடலை அழுத்தாமல் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கடந்து போ.

சித்தி: கைப்பிடியை ஒரு கோடு அடித்துவிட்டு விட்டுவிடாதே. ஒரு சதுரம் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போடு. எடை முழுக்க அங்கேதான் தொங்கும். தோளில் மாட்ட 65 செ.மீ. நீளம் வேண்டும், தையலுக்கு உள்ளே போவது தனி.

திவ்யா: பாக்கெட் எத்தனை வைக்கலாம்?

நந்தினி: எண்ணிக்கையை விட ஒன்று முக்கியம். ஒரு கையில் குழந்தை இருக்கும், மற்றொரு கையால் எடுக்க வேண்டும். அதனால் ஜிப் வேண்டாம். வாய் திறந்த ஆழமான பாக்கெட் போதும். ஈரத் துணி போட மட்டும் சுருக்குக் கயிறு வைத்த தனிப் பை ஒன்று.

மாமா: அதை நான் தைக்கிறேன்.

அத்தை: நீங்களா?

மாமா: நேர் தையல்தானே. இரண்டு பக்கம், ஒரு கயிறு. தெரியாததா?

சற்று நேரம் கழித்து.

திவ்யா: மாமா!!! குடும்பக் குழுவில் "அனிதா பைக்குக் கயிறு எந்த நிறம்" என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா அங்கே இருக்கிறாள். உடனே டெலீட் செய்யுங்கள். எல்லாருக்கும் டெலீட் என்று இருப்பதை அழுத்துங்கள்.

மாமா: எனக்கு மட்டும் டெலீட் என்பதை அழுத்திவிட்டேன். இப்போது எனக்குத் தெரியவில்லை. சரிதானே?

கார்த்திக்: 🤦

அம்மா: அனிதா இப்போதே போன் பண்ணிவிட்டாள். யாரோ அவளுக்குப் பைக் வாங்கித் தரப் போகிறார்களா என்று கேட்கிறாள். ஆமாம், இல்லை எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

சித்தி: 😂😂😂

*ஞாயிற்றுக்கிழமை*

அத்தை: நூலும் துணியும் நிறைய மிஞ்சும் போலிருக்கிறது. நந்தினி, உங்கள் வார்டுக்கு ஏதாவது போட்டுத் தரலாமா? குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷே ஆக்டோபஸ் பொம்மை கொடுக்கிறார்கள் என்று படம் பார்த்தேன். கொள்ளை அழகு.

நந்தினி: அது டென்மார்க்கில் 2013இல் தொடங்கியது அம்மா. குழந்தை அதன் சுருண்ட கால்களைப் பிடித்துக்கொள்ளும், தொப்புள்கொடியைப் பிடித்த மாதிரி இருக்கும், மூக்கில் இருக்கும் குழாயை இழுக்காது என்கிறார்கள். ஆனால் அதற்குக் கறாரான விதி உண்டு. நூறு சதவீதம் பருத்தி, கால் இழுத்துப் பார்த்தால் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, உள்ளே வைத்த பஞ்சு தையல் இடுக்கில் தெரியவே கூடாது, 60 டிகிரி வெந்நீர்ச் சலவையைத் தாங்க வேண்டும். கண்ணுக்குப் பாசியும் பட்டனும் வைக்கக் கூடாது, நூலால்தான் தைக்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியும் வாங்கிக்கொள்ளாது. எங்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு கால்கூடப் போடாதே.

அத்தை: கேட்டுவிட்டுச் சொல்.

நந்தினி: கேட்கிறேன். வேறு எங்கே கொடுப்பதாக இருந்தாலும் முதலில் கேட்டுவிடுவதுதான் நல்லது. போன வருடம் யாரோ அன்பாக ஒரு மூட்டை கம்பளித் தொப்பி கொடுத்தார்கள். வெந்நீரில் போட்டதும் சுருங்கி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. புற்றுநோய் வார்டில் இருக்கும் என் தோழி ஒருத்தி சொல்வாள், முடி கொட்டிய தலைக்குக் கம்பளி அரிக்கும், தடித்த தையல் உறுத்தும், மெல்லிய பருத்தித் தொப்பி என்றால் ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று.

சித்தி: அந்தத் தொப்பி நான் போடுகிறேன். பெரியவர்களுக்கு என்றால் எவ்வளவு?

நந்தினி: தலைச் சுற்றளவு 54 முதல் 57 செ.மீ. கணக்கு அதேதான், உச்சி வட்டம் 17.

மாமா: மிஞ்சிய நூலில் சூடான பாத்திரம் பிடிக்க எனக்கு ஒன்று போடலாமா, கார்த்திக்?

கார்த்திக்: என்னிடம் மிஞ்சியது ஆக்ரிலிக், செயற்கை நூல் மாமா. சூடு பட்டால் உருகி உங்கள் கையோடு ஒட்டும். பருத்தி மிஞ்சினால் இரட்டையாகப் போட்டுத் தருகிறேன். ஓட்டை இல்லாத தையலாக இருக்க வேண்டும், போர்வைச் சதுரத் தையல் ஆகாது.

பெரியம்மா: அந்தச் சிவப்பு நூலை யாராவது நனைத்துப் பார்த்தீர்களா? ஒரு துண்டை வெந்நீரில் முக்கி வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அதைக் குழந்தைச் சாமானில் சேர்க்காதீர்கள்.

சித்தி: இப்போதுதான் பார்த்தேன் அக்கா. வெளிர் சிவப்பாகக் கறை வந்திருக்கிறது.

பெரியம்மா: தூக்கி வை. மஞ்சளுக்கு மாறிக்கொள்ளலாம். திவ்யா, துவைக்கும் முறையைச் சின்ன அட்டையில் எழுதிப் பையோடு வை. எந்தத் துணி வெந்நீர், எது தட்டையாகக் காயவைக்க வேண்டும் என்று. கொடுத்துவிட்டு வருகிற நமக்குத் தெரியும், துவைக்கிறவளுக்குத் தெரியாது.

திவ்யா: சரி பெரியம்மா. குரோஷே எல்லாம் தட்டையாக, மல்மலும் பிப்பும் கொடியில். எழுதி இங்கேயே போடுகிறேன், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

நந்தினி: டவல் பிப்புக்கு மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள். உறிஞ்சும் தன்மை போய்விடும்.

மாமா: சுருக்குப் பைக்குக் கயிறு எந்த நிறம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

திவ்யா: நீலம் மாமா. இந்தக் குழுவிலேயே இருங்கள்.